அரசி மடிச்சது

நகையெல்லாம் இல்ல சார். நகையா இருந்தா இப்படி மடியில வச்சுக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு ஊருக்கே காட்டுவேனா? இதைக் கீழ வைக்க முடியாது, அவ்வளவுதான். உங்க பெட்டியை என் சீட்டுக்கு அடியில தள்ளிக்கோங்க, எனக்கு ஒரு தொந்தரவும் இல்ல. காலை நல்லா நீட்டிக்கோங்க. டெல்லி போய்ச் சேர்ற வரைக்கும் இது மட்டும் என் மடியிலயே இருந்துட்டுப் போகட்டும்.

பாராசூட் சார்.

பாத்தீங்களா, மெதுவாச் சொல்றேன். பழக்க தோஷம். ரயில்ல சத்தமாவே சொல்லலாம், யாருக்கு என்ன வந்துச்சு. ஏர்போர்ட்லதான் சொல்லக் கூடாது. வரிசையில நிக்கும்போது வாய் தவறி 'பாராசூட்'னு சொல்லிட்டீங்கன்னா, முன்னாடி நிக்கறவர் திரும்பிப் பாப்பாரு. பொண்டாட்டி காதுல குசுகுசுன்னு சொல்லுவாரு. அந்தம்மா கைக்குழந்தையை இறுக்கிப் பிடிச்சுக்கும். இந்த ஆளுக்கு ஏதோ முன்கூட்டியே தெரிஞ்சிருக்கு போலிருக்கேன்னு ஒரு பார்வை. ஒரு தடவை பிளேனுக்குள்ள ஒரு மாமி, பணிப்பெண்ணைக் கூப்பிட்டு, "இவாளுக்கு மட்டும் குடுத்திருக்கேளே, எங்களுக்கெல்லாம் எங்க?"ன்னு கேட்டே கேட்டுட்டாங்க. அன்னிலேருந்து அரசி எனக்குச் சட்டம் போட்டுட்டா. யார் கேட்டாலும் 'விளையாட்டுச் சாமான்'னுதான் சொல்லணும்.

அரசி என் சம்சாரம். முழுப்பேரு மங்கையர்க்கரசி. பை அவளோடது.

போயிட்டா சார். தை மாசம். இப்ப பங்குனி. இல்ல இல்ல, குதிச்சு இல்ல. எல்லாரும் அதைத்தான் முதல்ல நினைக்கறாங்க. துக்கம் கேக்க வந்தவங்ககூட வாசல்ல நின்னு ஆகாசத்தை ஒரு பார்வை பாத்துட்டுத்தான் உள்ள வந்தாங்க. புத்துநோய் சார். அவ்வளவு உயரத்துலேருந்து குதிச்சவளுக்கு ஒரு கீறல் இல்ல. ஆஸ்பத்திரியில இத்தனூண்டு உயரக் கட்டில், அதுல படுத்தவளைக் கொண்டுபோயிடுச்சு.

அவ பேங்குல மேனேஜரா இருந்தா, கும்பகோணத்துல. நான் கூட்டுறவு பண்டகசாலையில வேலை பாத்து, விருப்ப ஓய்வு வாங்கிட்டு வீட்டுல உட்கார்ந்துட்டேன். குழந்தை குட்டி இல்ல எங்களுக்கு, அந்தக் கதை இப்ப வேணாம். நானும் ஒரு நாற்காலியும், மேல சுத்தற ஃபேனும். அப்படித்தான் போயிட்டிருந்துச்சு. அந்தச் சமயத்துலதான் இவ பேங்கு ஆளுங்களோட வடக்கே டூர் போனா. அங்க ஒரு இடத்துல, வாத்தியாரோட சேத்துக் கட்டிப் பிளேன்லேருந்து குதிக்க வச்சிருக்காங்க. மத்தவங்கள்லாம் ஒரு தடவை குதிச்சு, போட்டோ எடுத்துக்கிட்டு, ஊருக்கு வந்து வேலையைப் பாத்தாங்க. இவ மட்டும் வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழட்டாம, "இன்னொரு தடவை போகணுங்க"ன்னா. அப்ப அவளுக்கு வயசு நாப்பத்தெட்டு.

போனா. முறையாக் கத்துக்கிட்டா. தனியாக் குதிக்கற அளவுக்கு வந்துட்டா. சொந்தமா இந்தப் பையையும் வாங்கிட்டா. லீவு கிடைச்சா மத்தவங்க திருப்பதிக்குப் போவாங்க, இவ ஆகாசத்துக்குப் போவா. எங்க அக்கா ஒருத்தி இருக்கா, நாக்குல நெருஞ்சி முளைச்சவ. கல்யாண வீட்டுல வச்சு, "பொண்டாட்டி மானத்துல பறக்கறாளாம், புருஷன் மூட்டை தூக்கறானாம்"னு சொன்னா. ஆமா, தூக்கினேன். அதுல என்ன சார் கேவலம்?

நான் தூக்கலேன்னா அவளால ஒரு வாசல் தாண்ட முடியாது, தெரியுமா? ஆபீஸ் வேலையா மும்பைக்கும் டெல்லிக்கும் தனியாத்தான் போவா, வருவா. அதுல ஒரு பயமும் கிடையாது. ஆனா இந்தப் பைன்னா மட்டும், "நீங்க வந்தாத்தாங்க விடுவாங்க, எனக்கு அவங்ககிட்ட பேச வராது"ன்னுடுவா. ஒரு பேங்கையே மேய்க்கறவ, செக்யூரிட்டிக்காரங்ககிட்ட பேச வராதாம்! என்ன பண்றது, நாற்காலியை விட்டு எழுந்திரிச்சுத்தானே ஆகணும்? வேஷ்டியை அவுத்துப் போட்டுட்டு பேண்டை மாட்டிக்கிட்டுக் கிளம்பிடுவேன். வருஷத்துக்கு நாலஞ்சு தடவை இப்படி என்னை இழுத்துடுவா. அவளுக்காகத்தான் போனேன். இல்லாட்டி எனக்கு என்ன சார் தலையெழுத்து?

இந்தப் பையைப் பிளேன்ல கொண்டுபோறது லேசுப்பட்ட காரியம் இல்ல. இதுக்குள்ள ரெண்டு பாராசூட் இருக்கு. ஒண்ணு தினப்படிக்கு. அதைக் குதிக்கறவங்களே மடிச்சுக்கணும். இன்னொண்ணு ஆபத்துக்கு. அதை லைசன்ஸ் வாங்கின ஆள்தான் மடிச்சு, சீல் வச்சுக் குடுக்கணும். அதுக்கு ஆறு மாசம் தவணை. தவணை முடிஞ்சா பிரிச்சு மறுபடி மடிக்கணும். இது போக ஒரு சின்ன டப்பா இருக்கு. குதிச்ச ஆள் நடுவுல மயங்கிக் கியங்கிப் போயிட்டா, தரை நெருங்கறப்ப அந்த டப்பாவே நூலை வெட்டி, ரெண்டாவது பாராசூட்டை விரிச்சுவிட்டுடும். பேட்டரி, ஒயரு, ஒரு உலோகக் குழாய். எக்ஸ்ரே மிஷின்ல பாத்தா அது என்ன மாதிரித் தெரியும்னு நீங்களே யோசிச்சுக்கோங்க. அந்த வார்த்தையையும் அங்க சொல்லக் கூடாது.

அதுக்கு ஒரு அட்டை குடுத்திருக்காங்க, செய்யற கம்பெனிக்காரங்க. உள்ள இருக்கறது எக்ஸ்ரேல எப்படித் தெரியும்னு அதுல படம் போட்டிருக்கும். மிஷின் நின்னு, அங்க உட்கார்ந்திருக்கறவர் புருவத்தைச் சுருக்கினதும் நான் முந்திக்குவேன். அட்டையை நீட்டி, "சார், ஸ்போர்ட்ஸ் சாமான். இந்தப் படம்தான் நீங்க பாக்கறது. இதோ, இவங்கதான் ஓனர்"னு சொல்லி இப்படிக் கையைப் பக்கவாட்டுல காட்டுவேன். அவ அங்க நின்னு, லோன் கிடையாதுன்னு சொல்றப்ப சிரிப்பாளே ஒரு சிரிப்பு, அதைச் சிரிப்பா. அவங்களும் சிரிச்சுடுவாங்க. வேலை முடிஞ்சுது.

பெட்டியோட பெட்டியா உள்ள போடறதுக்கு ஒரு நாளும் சம்மதிக்க மாட்டா. எவனாவது எறிவான், எங்கேயாவது கைப்பிடி மாட்டி இழுத்துக்கும், உள்ள இருக்கறது பிதுங்கிட்டு வந்துடும்னு சொல்லுவா. தலைக்கு மேல இருக்கற தட்டுலயும் வைக்க விட மாட்டா. அதனால என் மடியிலதான் கிடக்கும், பணிப்பெண் விட மாட்டேன்னா காலடியில. பக்கத்துல உட்கார்ந்திருக்கறவங்களுக்கு விஷயம் தெரிஞ்சுட்டா எல்லாரும் ஒரே ஜோக்கைத்தான் சொல்லுவாங்க. "உங்களுக்குக் கவலையில்ல, பிளேன் விழுந்தா நீங்க தப்பிச்சுடுவீங்க." நான் சொல்லுவேன், "பை ஒண்ணுதான் சார் இருக்கு, நாங்க ரெண்டு பேரு." உடனே அவ, "அதுக்கென்ன, இவரு தூக்கிக்கிட்டு வருவாரு, நான் மாட்டிக்கிட்டுக் குதிப்பேன்"னுவா. இப்பக் கணக்குச் சரியாயிடுச்சு. பை ஒண்ணு, ஆள் ஒண்ணு.

டீ சாப்பிடறீங்களா? வேணாமா? சரி, போகட்டும் விடுங்க. இந்தக் கோச்சுல டீக்காரர் வந்துட்டேதான் இருப்பாரு.

அவ குதிக்கறதை நான் பாத்தேனான்னா கேக்கறீங்க? எனக்குக் கழுத்தெலும்புல தேய்மானம் சார். அண்ணாந்து பாக்க முடியாது. அந்த மைதானத்தைச் சுத்திக் கடுகு வயலு. பிளேன் சத்தம் மேல போனதும் நான் வயல் பக்கமாத் திரும்பி நின்னுக்குவேன். பின்னால தொப்புன்னு காலடிச் சத்தம் கேட்டதும் திரும்புவேன். துணியை அப்படியே ரெண்டு கையிலயும் அள்ளிக்கிட்டு வருவா. "பாத்தீங்களா?"ம்பா. "பாத்தேன், நல்லா வந்தே"ம்பேன். கடைசி வரைக்கும் அவளுக்குத் தெரியாது. ஒரு தடவைகூடச் சொன்னா, "மேல பாக்கறவங்க எல்லாருக்கும் கண்ணு கூசித் தண்ணியா விடுது, உங்க கண்ணு மட்டும் எவ்வளவு குளிர்ச்சியா இருக்குங்க"ன்னு. என் கண்ணை அப்படிப் பாராட்டினது அவ ஒருத்திதான்.

மடிக்கறதுதான் சார் விசேஷம். குதிக்கறதைவிட அதுதான் எனக்குப் பிடிக்கும். ஒரு பெரிய கொட்டகைக்குள்ள பாயை விரிச்சு, துணியைத் தோள்ல போட்டு, கயிறெல்லாம் சிக்கில்லாம இழுத்து, ஒவ்வொரு மடிப்பா எடுத்துக் கீழ படுக்க வச்சு, அது மேலயே படுத்துப் புரண்டு காத்தை வெளியேத்தணும். முழங்கால் போட்டு அமுக்கி இந்தச் சின்னப் பைக்குள்ள திணிக்கணும். முடிச்சு எழுந்திருக்கறப்ப வேர்த்து விறுவிறுத்துப் போயிருப்பா. நெத்தியில குங்குமம் வழிஞ்சு, சட்டை முதுகோட ஒட்டி, தலையெல்லாம் தூசி. அந்த முழங்கால் போடற வேலை மட்டும் என்னுது. "ஏறி உட்காருங்க"ம்பா, உட்காருவேன். அதுல ஒரு எழுபது கிலோ உபயோகம் நமக்கு.

அங்க ஒரு வழக்கம் உண்டு. ஒருத்தர் பையை இன்னொருத்தர் தொட மாட்டாங்க. உயிரு சம்பந்தப்பட்டது இல்லியா. நீ மடிச்சியா, நீ குதி. வேற யாராவது மடிச்சா யாரு மடிச்சதுன்னு தெரியணும்.

போன ஐப்பசியிலதான் கடைசியாப் போனோம். அதுக்குள்ள ஆஸ்பத்திரி, மருந்து எல்லாம் ஆரம்பிச்சுட்டுது. குதிக்கக் கூடாதுன்னு டாக்டரும் சொல்லிட்டாரு, அந்த இடத்துக்காரங்களும் சொல்லிட்டாங்க. "குதிக்கப் போகலங்க, ரெண்டாவதுக்குச் சீல் வைக்கணும். மத்ததையும் பிரிச்சுக் காத்தாட விட்டு மறுபடி மடிச்சு வைக்கணும், ரொம்ப நாள் ஒரே மடிப்புல கிடக்கக் கூடாது"ன்னா. நியாயம்தானே. பட்டுப்புடவையே அப்பப்ப மடிப்பு மாத்தி வைக்காட்டி மடிச்ச இடத்துல விட்டுப்போகுதே. கூட்டிக்கிட்டுப் போனேன்.

அந்த மருந்து அவ விரலை எல்லாம் மரத்துப் போகப் பண்ணிடுச்சு. டம்ளர் நழுவும். அன்னிக்குக் காலையில ஹோட்டல் ரூம்ல புடவைக்கு ஊக்கு குத்திவிட்டது நான்தான். தலை வாரிவிட்டதும் நான்தான். கொட்டகையில சீல் வைக்கறவர் அவர் வேலையை முடிச்சுக் குடுத்தாரு. அப்புறம் அவ பாயை விரிக்கச் சொன்னா. ஷைனி விரிச்சா.

ஷைனி யாருன்னு சொல்லல இல்ல? நாகர்கோவில் பொண்ணு. டெல்லி பக்கம் ஏதோ கம்பெனியில வேலை. சனி ஞாயிறுல அங்க வந்து குதிப்பா. அந்த வடநாட்டுக் கூட்டத்துல தமிழ் பேச இவங்க ரெண்டு பேருதான், ஒட்டிக்கிட்டாங்க. அரசியை 'அக்கா'ன்னு கூப்பிடுவா, என்னை 'அங்கிள்'னு கூப்பிடுவா. எனக்கும் அரசிக்கும் ரெண்டே வயசுதான் சார் வித்தியாசம்! கேட்டா ரெண்டு பேரும் சேந்துக்கிட்டுச் சிரிப்பாளுங்க.

பாயை விரிச்சதும் அரசி என்னைப் பாத்து, "மெயின் ரோட்டுக்குப் போய் நல்ல டீயா ஒண்ணு வாங்கிட்டு வாங்களேன்"ன்னா. பக்கத்துலயே கேன்டீன் இருக்கு, ஆனா அவளுக்கு மெயின் ரோட்டு டீதான் வேணுமாம். சீக்குல நாக்கு கேக்குது, என்ன பண்றது. போயிட்டு வர முக்கால் மணி நேரத்துக்கு மேல ஆயிடுச்சு. திரும்பி வந்தா வேலையே முடிஞ்சிருந்துச்சு. அரசி நாற்காலியில உட்கார்ந்திருக்கா, கையை மடியில வச்சுக்கிட்டு. ஷைனி பை மேல முழங்காலைப் போட்டு அமுக்கிக்கிட்டிருக்கா, வேர்த்துக் கொட்டுது அவளுக்கு. "முடிஞ்சுதுங்க"ன்னா அரசி. நெத்தியில குங்குமம் கலையல, புடவையில கசங்கல் ஒண்ணும் இல்ல, நான் குத்தின ஊக்கு குத்தினபடி இருக்கு. அந்த உடம்போட, ஒரு சொட்டு வேர்வை சிந்தாம மடிச்சிருக்கா சார். கை பழகின வேலைன்னா அப்படித்தான். ஊக்கு குத்த வராத விரலு, பாராசூட்டை மடிச்சுடுச்சு. கடைசியில முழங்கால் போட மட்டும் நான் இல்லாததால அந்தப் பொண்ணைக் கூப்பிட்டிருக்கா.

அதுதான் அவ கையால செஞ்ச கடைசி வேலை. அதுக்கப்புறம் ஒரு கைக்குட்டைகூட மடிக்கல. வீட்டுல அவ துணிமணியெல்லாம் துவைச்சு, வேற யாரோ மடிச்சு, எங்க அக்கா வந்து எடுத்துக் குடுத்து, ஒண்ணும் அவ மடிச்சபடி இல்ல. இது ஒண்ணுதான் இருக்கு. இந்த ரெண்டு மாசமா பீரோ மேல வச்சுக்கிட்டுப் பாத்துக்கிட்டிருந்தேன். சில நாள் இறக்கி மடியில வச்சுக்குவேன். இந்தத் துணிக்கு அடியில கை வச்சா உள்ள மடிப்பு தட்டுப்படும். இங்க, இந்த ஓரத்துல. நீங்க வேணா தொட்டுப் பாருங்க. மெதுவா. அந்தக் கைப்பிடியைத் தொட்டுடாதீங்க.

ஆனா பை என்னுது இல்லியே. ஆஸ்பத்திரியில சொல்லிட்டுத்தான் போனா, "இது ஷைனிக்கு"ன்னு. அந்தப் பொண்ணு ஒரு தடவைகூடக் கேக்கல. இந்த மாசத்தோட சீல் தவணை முடியுது. பயன்படுத்தற சாமானைப் பரண்ல போட்டு வச்சா அரசி என்னை மன்னிக்க மாட்டா. கொண்டுபோய்க் குடுத்துடுவோம்னு பிளேனுக்கு டிக்கெட் போட்டேன். முந்தாநாள் ஏர்போர்ட்டுக்குப் போனேன்.

எல்லாம் வழக்கப்படிதான் செஞ்சேன். மிஷின் நின்னுச்சு. அங்க ஒரு பொண்ணு, யூனிஃபார்ம்ல, சின்ன வயசு. அட்டையை நீட்டினேன். "ஸ்போர்ட்ஸ் சாமான்மா. இந்தப் படம்தான் நீங்க பாக்கறது. இதோ, இவங்கதான் ஓனர்."

கை தானாப் போயிடுச்சு சார் பக்கத்துல. அங்க யாரோ ஒருத்தர் பெல்ட்டைக் கழட்டிக் கையில வச்சுக்கிட்டு நிக்கறாரு. "ஐயோ, நான் இல்ல மேடம், எனக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல!"ன்னு பதறிட்டாரு பாவம். அந்தப் பொண்ணு என்னைப் பாக்குது, அவரைப் பாக்குது. எத்தனை தடவை சொல்லியிருக்கேன் அந்த வார்த்தையை, கிளிப்பிள்ளை மாதிரி. நீட்டின கையை இழுத்துக்கிட்டேன். "ஓனர் எங்க?"ன்னுச்சு. "இறந்துட்டாங்க"ன்னேன்.

"அப்ப நீங்கதான் ஓனர். திறந்து காட்டுங்க சார்"ன்னுச்சு. மரியாதையாத்தான் சொல்லுச்சு, குத்தம் சொல்லக் கூடாது. படத்துல இருக்கறதும் மிஷின்ல தெரியறதும் அதுக்கு ஒத்துப்போகலயாம், நேர்ல பாக்கணுமாம். "திறக்க முடியாதும்மா"ன்னேன். "ஏன், உள்ள என்ன இருக்கு?"ன்னுச்சு. நான் பாட்டுக்கு, "என் பொண்டாட்டி மடிச்ச மடிப்பு இருக்கு"ன்னுட்டேன். அதுக்கு ஒண்ணும் புரியல. பெரிய ஆபீசரைக் கூப்பிட்டுச்சு. அவர் வந்து, "ஒண்ணு திறங்க, இல்லாட்டி செக்-இன்ல போடுங்க"ன்னாரு. செக்-இன்ல போட்டா என் கண்ணுக்கு மறைவா எவனாவது திறப்பான். அதுவும் எனக்கு முன்னாடி திறக்கறதும் ஒண்ணுதான். பின்னால வரிசை நீண்டுக்கிட்டே போகுது. நான் பையை இப்படிக் கட்டிப் பிடிச்சுக்கிட்டேன். ஊருல இருக்கற அத்தனை பேரும் பாக்கறாங்க. வெக்கமாத்தான் இருந்துச்சு, ஆனா விடல.

ஷைனிக்குப் போன் போட்டு ஆபீசர்கிட்ட குடுத்தேன். இந்தியில என்னென்னமோ பேசினா. அவர் கொஞ்சம் இறங்கி வந்தாரு, என்னை நாற்காலியில உட்கார வச்சுத் தண்ணி குடுத்தாரு. ஆனா திறக்காம விட முடியாதுன்னுட்டாரு. போனை என்கிட்ட குடுத்தாரு.

"அங்கிள், திறந்துடுங்க. நான் திருப்பி மடிச்சுக்கறேன்"ன்னா.

"நீ மடிச்சுடுவேம்மா. அரசி மடிச்சதாகுமா அது?"ன்னேன்.

அதுக்கு அவ சொல்றா, "அங்கிள், அது அக்கா மடிச்சது இல்ல. அக்காவுக்கு அன்னிக்கு விரலே வரல. கயித்தைக்கூடப் பிடிக்க முடியல. அக்கா பக்கத்துல உட்கார்ந்து பாத்துக்கிட்டிருந்தாங்க, நான்தான் மடிச்சேன். உங்களுக்குத் தெரிய வேணாம்னு உங்களை டீ வாங்க அனுப்பினாங்க."

எப்படி இருக்கு பாருங்க சார்! எவ்வளவு கோர்வையா ஒரு பொய்! டீ வாங்கப் போனது வரைக்கும் ஞாபகம் வச்சுக்கிட்டு அதையும் சேத்துக் கோத்துட்டா. எதுக்கு? நான் அத்தனை பேர் மத்தியில அவமானப்படக் கூடாது, மனசு கஷ்டப்படாமத் திறந்துடணும். அந்தப் பாசத்துல சொல்றா. தங்கமான பொண்ணு. ஆனா எனக்கா தெரியாது? முப்பது வருஷம் குடித்தனம் பண்ணினவன். அவ கை எது, அடுத்தவ கை எதுன்னு எனக்குத் தெரியாதா?

"சரிம்மா"ன்னு போனை வச்சேன். எழுந்திரிச்சேன். "நான் பிளேன்ல போகல சார்"னு ஆபீசர்கிட்ட சொல்லிட்டுப் பையைத் தூக்கிக்கிட்டு வெளியில வந்துட்டேன். அந்தச் சின்னப் பொண்ணு வாசல் வரைக்கும் வந்து, "ஸாரி சார்"ன்னுச்சு. "உன் வேலையை நீ செஞ்சேம்மா"ன்னேன். வெளியில வந்து கைவண்டிங்க அடுக்கியிருக்கற இடத்துல உட்கார்ந்து அழுதேன். ஆஸ்பத்திரியில அழல, காரியத்தன்னிக்கும் அழல. எல்லாத்தையும் சேத்து வச்சு அங்க அழுதேன்.

அதான் ரயிலு. இங்க யாரு கேக்கறா? நீங்கதான் கேட்டீங்க.

நேத்து சென்னையில வண்டி ஏறறதுக்கு முன்னாடி ஷைனிக்கு மறுபடி போன் பண்ணினேன். ராத்திரியெல்லாம் யோசிச்சு வச்சிருந்த விஷயம். "ஷைனி, சீல் தவணை முடிஞ்சா எல்லாத்தையும் பிரிச்சுத்தான் ஆகணும், எனக்குத் தெரியும். ஆனா தரையில போட்டுப் பிரிக்காதேம்மா. மேல கொண்டுபோய்ப் பிரி. அரசி மடிச்சபடியே முதுகுல மாட்டிக்கிட்டு ஒரே ஒரு தடவை குதி. அவ மடிப்பு காத்துலதான் பிரியணும். நான் கீழ நின்னு பாக்கறேன்"ன்னேன். பாக்கத்தான் போறேன் சார். கழுத்து போனாப் போகுது.

கேட்டதுக்கப்புறம்தான் எனக்கே உறைச்சுது. என்ன கேட்டுட்டோம்? கல்யாணமாகாத பொண்ணு. பெத்தவங்க நாகர்கோவில்ல உட்கார்ந்திருக்காங்க. உடம்பு முடியாதவ மடிச்சதை, அஞ்சு மாசம் கிடந்ததை, மாட்டிக்கிட்டு ஆகாசத்துலேருந்து குதின்னு சொன்னா எந்தப் பொண்ணு சம்மதிக்கும்? உயிரு இல்லியா? நாக்கைக் கடிச்சுக்கிட்டேன். "பயமா இருந்தா வேணாம்மா, நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்"ன்னேன்.

அவ மூக்கை உறிஞ்சற சத்தம் கேக்குது. அழறான்னு தெரியுது. அழுதுக்கிட்டே சொல்றா:

"எனக்குப் பயம் இல்ல அங்கிள். யாரு மடிச்சதுன்னு தெரியாத பையை நாங்க யாரும் மாட்ட மாட்டோம். இது யாரு மடிச்சதுன்னு எனக்குத் தெரியும். நான் குதிக்கறேன். நீங்க வாங்க."

கேட்டீங்களா சார்? ஒரு நிமிஷம்கூடத் தயங்கல. ஏர்போர்ட்ல அப்படி ஒரு பொய்யைச் சொன்னவ, உயிருன்னு வந்ததும் உண்மையைச் சொல்லிட்டா பாருங்க. சொந்த வீட்டு மனுஷங்க யாரு சார் இப்படி நம்புவாங்க? என் அரசி கை மேல அந்தப் பொண்ணுக்கு அவ்வளவு நம்பிக்கை.